எர்த் குழி

பங்குனி மத்தியானம். கடற்காற்று இன்னும் கிளம்பவில்லை.
மேற்கிலிருந்து வருவது நிலக்காற்று,
ஈரமில்லாதது, ஓயாதது,
அனல்மின் நிலையத்துச் சாம்பலைச்
சல்லடை இல்லாமல் சலித்துக்கொண்டு வருவது.

நெட்டுக்குப்பம் ஏலக்கூடத்துக் கூரைமேல்
மூன்று இறக்கைக் காற்றாடி.
ராத்திரிக்கு நாலு பல்பு எரியட்டும் என்று
ஏதோ ஒரு கம்பெனி வைத்தது, கல்வெட்டோடு.
கல்வெட்டில் எல்லார் பெயரும் இருக்கிறது.
கம்பத்தில் எர்த் இல்லை.

தொட்டால் சுருக்கென்கிறது.
கூடையை இறக்க ஒரு கை ஊன்றிய தேசம்மாள்
கூடையோடு உட்கார்ந்துவிட்டாள்.
கானாங்கெளுத்தி நாலு திசைக்கும் போயிற்று.
"கரண்டு லீக்கு" என்றார்கள்.
டெஸ்டர் வைத்தேன். ஒருதரம் கண்சிமிட்டி அணைந்தது.
மீட்டர் வைத்தேன்: சைபர்.
கையை வைத்தேன்: ஒன்றுமில்லை.
பத்து நிமிஷம் கழித்து வைத்தேன்: சுருக்.

லீக் இல்லை இது, சேமிப்பு.
ஃபைபர் இறக்கையைச் சாம்பல் உரசி உரசி,
துகளுக்குத் துகள் கொஞ்சம் கொடுத்துவிட்டுப் போக,
இறங்க வழியில்லாமல்
ரப்பர் வாஷர்மேல் நிற்கிற கம்பத்தில்
சீட்டுப் பணம்போல் சேர்ந்து,
முதலில் கை நீட்டுகிறவருக்கு
மொத்தமாக விழுகிறது.

மூங்கில் ஏணி பிடிக்க வந்தவன் கன்னியப்பன்.
அவன் போட் மோட்டாருக்கு நான் காயில் கட்டிய காசு
ஆயிரத்து எண்ணூறு, தை மாசத்திலிருந்து பாக்கி.
அதிலிருந்து பேச்சில்லை.
நான் மேலே, அவன் கீழே.
பதினாலாம் நம்பர் ஸ்பானரை நீட்டினான்.
அதன் முனைக்கும் என் விரலுக்கும் நடுவே
எறும்புக்கால் நீளத்துக்கு நீலமாய் ஒன்று
டக்கென்று தாண்டியது.
"ஐயோ எஸ்தரு!"
இரண்டு மாசத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு.

செய்ய வேண்டியது பெரிதில்லை.
சுழலும் தண்டை உரசியபடி ஒரு கார்பன் பிரஷ்,
பழைய மிக்ஸியில் கழற்றியது.
பிரஷிலிருந்து கம்பத்துக்குப் பின்னல் செம்பு,
கம்பத்திலிருந்து பூமிக்குச் செம்புப் பட்டை.
வந்தது வந்தபடி இறங்கிப் போகட்டும்.

குழி ஆறடி. மூன்றடியிலேயே தண்ணீர் ஊறியது.
உப்பு வாங்கவில்லை, இந்த மண்ணே உப்பு.
கரிதான் கிடைக்கவில்லை.
கப்பல் கப்பலாய் நிலக்கரி இறங்குகிற ஊரில்,
கன்வேயரில் சிந்தி ரோடெல்லாம் கறுத்த ஊரில்,
குழிக்கு வேண்டியது அடுப்புக்கரி.
எர்ணாவூர் போய், இஸ்திரி வண்டி மாடத்தியிடம்
ஒரு சாக்கு கடனாக வாங்கி வந்தான் கன்னியப்பன்.
கடன் என்பதை இரண்டு தடவை சொன்னான்,
என்னைப் பார்க்காமல்.

மூன்றாம் நாள் காலை செம்புப் பட்டையைக் காணோம்.
யாரென்று எல்லாருக்கும் தெரியும்.
காயலான் கடை விலையும் எல்லாருக்கும் தெரியும்.
ஜி.ஐ. பட்டை போட்டேன்.
இரும்பு. துருப்பிடிக்கும். ஒருத்தரும் தொடமாட்டார்கள்.
வருஷத்துக்கொரு தரம் சுரண்டிப் பார்க்கணும் என்று
கல்வெட்டுக்குக் கீழே சாக்பீஸில் எழுதிவைத்தேன்.

கம்பம் அடங்கிவிட்டது.
தேசம்மாள் முதலில் முந்தானையால் தொட்டாள்,
அப்புறம் கையால்.
அந்தப் பக்கமே வராதிருந்த செவலை நாய்
திரும்பி வந்து, காலைத் தூக்கி,
பழைய மரியாதையைச் செய்தது.

மேலே அந்தக் கரகரப்பு மட்டும் போகவில்லை.
பேரிங்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினால்
குண்டு ஓடும் தடம் முழுக்க அம்மைத் தழும்பு.
எர்த் இல்லாத நாளெல்லாம்
தாண்டித் தாண்டிக் கடித்த பொறி.
கடித்தது கடித்ததுதான்.
எந்தக் குழியும் இதை நிரப்பாது.

கன்னியப்பன் வாங்கி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"புச்சு இன்னா வெல?"
"ஆயிரத்து எண்ணூறு" என்றேன்.
அவ்வளவில்லை. அறுநூற்றைம்பதுதான்.
கடல் பக்கமிருந்து அன்றைய முதல் ஈரக்காற்று.
ஒன்றும் சொல்லாமல்
பேரிங்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.